கனகத்தின் இடது கண்

ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினொரு பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் வந்துகொண்டிருந்தபோதுதான் கனகத்துக்கு முதன்முதலாக அது தெரிந்தது. இடது கண்ணுக்குள் ஏதோ நகர்ந்தது.

தூசி விழுந்தால் உறுத்தும். இது உறுத்தவில்லை, வலிக்கவும் இல்லை. இமைக்கு அடியில், மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக, அவசரமே இல்லாமல் ஒன்று ஊர்ந்து போனது. கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. பின்னால் வந்த தேங்காய் லாரி ஹாரனை அலறவிட்டபடி வேனைத் தாண்டிப் போனது.

அவள் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சுங்க அக்கா?" என்று பின்சீட்டில் இருந்து ஒரு சிறுமி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. தூசி."

கனகத்துக்கு நாற்பது வயது. கிணத்துக்கடவுக்கு மேற்கே எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு, அதன் நடுவில் வீடு. தோப்பைக் கணவன் செங்கோட்டையன் பார்த்துக்கொண்டான். மகன் நவநீத் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தான். மகன் வளர்ந்த பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் அவள் பள்ளி வேன் ஓட்டப் போனாள். அந்தப் பள்ளியில் வேன் ஓட்டிய ஒரே பெண் அவள்தான். ஆறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. "கனகம் அக்கா வண்டின்னா புள்ளைய ஏத்தி உட்டுப்போட்டு நிம்மதியா ஊட்டுக்குள்ள போலாம்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். அந்தப் பேரை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அது தினமும் வரவில்லை. வந்த நாட்களில் காலையில் இமை தடித்து, மத்தியானத்துக்குள் தானாக வடிந்துவிடும். எட்டாவது நாள் காலைச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்.

"ஏனுங்க, என்ற கண்ணுக்குள்ள புழுவாட்ட ஒண்ணு ஊருதுங்க."

செங்கோட்டையன் தோசையைப் பிய்த்த கையோடு நிமிர்ந்து பார்த்தான்.

"கண்ணுக்குள்ள என்னத்த ஊரும்? பேசாம இரு."

குரல் தடித்திருந்தது. இருபது வருடத்தில் அவன் அவளிடம் அப்படிப் பேசியது குறைவு. பாதித் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து தோப்புக்குள் போய்விட்டான். வேலை அலுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஊரில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினாள். அவர் விளக்கை அடித்து, இமையைப் புரட்டிப் பொறுமையாகத்தான் பார்த்தார். ஒன்றும் இல்லை, ஒவ்வாமையாக இருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். கண்ணில் அது மறுபடியும் வந்தபோது அவரிடம் ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் அது உள்ளே போய்விட்டது. மூன்றாவது முறை போனபோது, "நல்லாத் தூங்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. செங்கோட்டையனின் தங்கை கீதா உடுமலைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாள் வந்திருந்தபோது, அடுப்படியில் நின்றபடி அண்ணியிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நங்கையா, தப்பா நெனைக்காதீங்க. எங்க தெருவுல ஒருத்தி தலைக்குள்ள எறும்பு ஓடுதுன்னு ஒரு வருசம் சொல்லிட்டு இருந்தா. அப்புறம் மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்டக் காட்டி மாத்தரை குடுத்தாங்க. இப்ப நெம்ப நல்லா இருக்கறா."

"எனக்கு மனசுல ஒண்ணுமில்ல கீதா. கண்ணுலதான்."

"அவளும் அதையேதான் சொன்னாளுங்க."

செங்கோட்டையன் நடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தங்கை போனதும், "வர்ற வெள்ளிக்கிழம கோயமுத்தூர் போலாம்" என்று மட்டும் சொன்னான்.

மனநல மருத்துவர் நல்ல மனிதர். முக்கால் மணி நேரம் பேசினார். "கண்ணை முழுசா பரிசோதனை பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். கனகம் வாயைத் திறப்பதற்குள் செங்கோட்டையன், "மூணு தடவ பாத்தாச்சுங்க. ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க" என்றான். அவர் மாத்திரை எழுதினார். அதை விழுங்கினால் பகலெல்லாம் கண்ணைச் செருகியது. வேன் ஓட்டும் காலைகளில் அவள் மாத்திரையை வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்து வெளியே வந்து துப்பினாள்.

நான்கு நாள் கழித்துப் பள்ளித் தாளாளரிடமிருந்து போன் வந்தது.

"கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாரு. குழந்தைங்க விஷயம் பாருங்க, நாங்களும் யோசிக்கணும்."

கனகம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். இணைப்பு அறுந்து நெடுநேரம் ஆன பிறகும் நின்றாள்.

மாலையில் அவன் வந்ததும் கேட்டாள். "ஸ்கூலுக்குப் போன் பண்ணுனீங்களா?"

"ஆமா."

"என்னன்னு சொன்னீங்க?"

"மனசு சரியில்லைன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?" அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீவனம் போடப் போனான்.

அந்த வாரத்துக்குள் தோப்புக்காட்டில் செய்தி பரவிவிட்டது. பால் ஊற்றப் போன இடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாத்தாள் மட்டும் எப்போதும்போல் "வா அம்மணி" என்றாள். ஆனால் அவளும் கனகத்தின் கண்ணை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள். தோப்பில் பயமில்லாமல் அவளிடம் வந்தது வீட்டு நாய் மைனர் மட்டும்தான். செவலை நிறத்தில் மினுமினுவென்று இருக்கும் நாட்டு நாய். அவள் வாசற்படியில் உட்கார்ந்தால் மடியில் தலையை வைத்துக்கொள்ளும்.

ஆடி முடிந்தது. ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் கீதாவின் மகள் பிரவீனாவுக்கு உடுமலைப்பேட்டையில் நிச்சயம். உப்புச் சர்க்கரை மாற்றும் சடங்கில் தாய்மாமன் குடும்பம் இல்லாமல் முடியாது. போகாவிட்டால் ஊர் பேசும், போனாலும் பேசும் என்று தெரிந்தே கனகம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் மணப்பெண் அறையில் ஜெனிஷா என்ற இளம்பெண் அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். அந்த ஊரிலேயே அழகு நிலையம் வைத்திருப்பவள். பிரவீனாவுக்கு முடித்துவிட்டு, "அத்தைக்கும் கொஞ்சம் டச் அப் பண்ணிருங்க" என்று பிரவீனா சொன்னதால் கனகத்தை நாற்காலியில் உட்கார வைத்தாள். முகத்துக்கு நேராக வெள்ளை வெளேரென்று வட்ட விளக்கு எரிந்தது.

"மேல பாருங்க அக்கா. அப்படியே இருங்க. மை வச்சிர்றேன்."

பென்சில் முனை இமையோரத்தைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே அது நகர்ந்தது. கனகம் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இன்றைக்கு யாருக்கும் தெரியக் கூடாது.

பென்சில் நின்றுவிட்டது.

"அக்கா." ஜெனிஷாவின் குரல் மாறியிருந்தது. "அக்கா, அசையாதீங்க. உங்க கண்ணுல... வெள்ளையில... ஒண்ணு ஓடுதுக்கா."

அடுத்த நொடி அவள் "இயேசப்பா!" என்று கத்திப் பின்னால் தாவினாள். அலங்காரப் பெட்டி கவிழ்ந்து, டப்பாக்கள் அறை முழுக்க உருண்டன. பிரவீனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

கனகத்துக்கு முதலில் பயம் வரவில்லை. வந்தது வேறொன்று. அவள் ஜெனிஷாவின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதா? உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுக்கா! நூலாட்ட, வெள்ளையா, நெளியுது..."

"வீடியோ எடு. கையெடுத்துக் கும்பிடறேன் கண்ணு, ஓடறதுக்குள்ள வீடியோ எடு!"

ஜெனிஷா போனை எடுத்து வீடியோ பிடித்தாள். பதினான்கு விநாடி. கண்ணின் வெள்ளைக்கு மேலே, கண்ணாடி போன்ற தோலுக்கு அடியில், புது வேட்டியிலிருந்து உருவிய இழை போல ஒன்று. அது ஒரு முறை வளைந்தது, ஒரு முறை நிமிர்ந்தது, கருவிழியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கீழிமைக்குள் போய் மறைந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த கீதா அந்தக் கடைசிச் சில விநாடிகளை நேரிலேயே பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நங்கையா... நாந்தான் உங்கள... சாமி, நாந்தானுங்க..."

"எந்திரி கீதா. உங்கண்ணனக் கூப்பிடு."

செங்கோட்டையன் வந்தான். போனை அவன் கையில் கொடுத்தார்கள். ஒரு முறை பார்த்தான். மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தான். மூன்றாவது முறை பார்க்கும்போது அவன் நெற்றியில் வியர்வை பொடித்தது. ஒரு கை சட்டைக்கு மேலாக விலாவைப் பிடித்துக்கொண்டது.

"கோயமுத்தூர் போலாம்" என்றான் கடைசியில். தாய்மாமன் சீர்த்தட்டு அப்படியே கிடக்க, உப்புச் சர்க்கரை மாற்றாமலே இருவரும் கிளம்பினார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம் முழுக்கக் கனகம் கண்ணைக் கசக்கிவிடாமல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண் மருத்துவமனையில் டாக்டர் வின்ஸ்டன் வீடியோவைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். பதினைந்து நிமிடத்தில் அறுவை அரங்குக்குள் அவளைப் படுக்க வைத்தார்கள். சொட்டு மருந்திலும் ஒரு ஊசியிலும் கண் மரத்துப் போனது. வலி இல்லை. ஆனால் காது நன்றாகக் கேட்டது.

"கீழ பாருங்கம்மா. அசையக் கூடாது. ஆங், புடிச்சாச்சு. சிஸ்டர், இதப் பாருங்க. திரும்ப உள்ள போகப் பாக்குது. இழுக்குது. விடாதீங்க... வருது... இன்னும் வருது..."

'இன்னும் வருது' என்ற சொல்லை அவர் நான்கு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் கனகத்தின் உள்ளங்கால் கூசியது. இவ்வளவு நீளமா? பத்து வாரமாக இதையா சுமந்தேன்? பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டு?

வெளியே கொண்டுவந்தபோது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் அதைக் காட்டினார்கள். உப்புத் தண்ணீருக்குள் அது இன்னமும் சுருண்டு சுருண்டு அவிழ்ந்துகொண்டிருந்தது.

"பதினோரு சென்டிமீட்டர்" என்றார் டாக்டர். "ஒரே இடத்துல இருக்காதும்மா. மேல வரும், ஆழத்துக்குப் போயிரும். பாத்தவங்களுக்குத் தெரியாமப் போனது அதனாலதான். பார்வைக்கு ஒண்ணும் ஆகலை. வீட்டுல நாய் இருக்கா?"

"இருக்குதுங்க."

"இது நாய்ங்களுக்கு வர்ற புழு. கொசு நாயைக் கடிச்சு ரத்தம் குடிக்கறப்ப இதோட குட்டி கொசுவுக்குள்ள போகுது. பத்துப் பதினஞ்சு நாள் அங்க வளந்து, அதே கொசு மனுஷனைக் கடிச்சா மனுஷனுக்குள்ள வந்துருது. நம்ம உடம்புல பெருகாது. பெரும்பாலும் ஒண்ணுதான் இருக்கும், தோலுக்கு அடியில வழி தெரியாமச் சுத்தும். கண்ணுக்கு வந்ததால உங்களுக்குத் தெரிஞ்சது. சில பேருக்குக் கன்னத்துல, கையில, வயித்துல சின்னக் கட்டியாட்டம் வரும்."

செங்கோட்டையன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கட்டியாங்க?" என்று கேட்டான்.

"ஆமாங்க. இடம் மாறிக்கிட்டே இருக்கும்."

வீடு வந்து சேர்ந்ததும் செங்கோட்டையன் காரை விட்டு இறங்கி நேராக நாயிடம் போனான். மைனர் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. சங்கிலியை அவிழ்த்து, இழுத்துக்கொண்டு வந்து தேங்காய் ஏற்றும் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.

"என்ன பண்றீங்க?"

"ஆழியாத்துக்கு அக்கட்ட மலையில உட்டுட்டு வாரேன். இந்தச் சனியன் இனி இந்தத் தோப்புல இருக்கக் கூடாது."

கனகம் ஒரு கண்ணில் கட்டோடு, பட்டுப்புடவையோடு, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அது என்னையக் கடிச்சுதா? அதுக்கு என்ன தெரியும்? மொதல்ல அதுக்கு இருக்குதான்னு பாக்கலாம். எறக்குங்க."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.

மறுநாள் காலை இருவரும் மைனரைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் பாத்திமுத்து நாற்பது வயதுப் பெண்மணி, வேகமாகப் பேசுபவர். நாயின் பல், கண், வயிறு எல்லாம் தொட்டுப் பார்த்தார். "பாக்க முத்தாட்டம் இருக்குது. ஒரு நோவும் இல்லாத நாயி" என்றார். முன்னங்காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் நுழைத்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"நீங்களே பாருங்கம்மா" என்று நகர்ந்துகொண்டார்.

கனகம் வலது கண்ணை வைத்துப் பார்த்தாள். மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் ரத்த அணுக்கள் வட்ட வட்டமாகக் கிடந்தன. அவற்றை முட்டித் தள்ளிக்கொண்டு இங்கே ஒன்று, அங்கே இரண்டு, ஓரத்தில் நான்கு, சன்னமான பாம்புக் குட்டிகள் போலத் துடித்துக்கொண்டிருந்தன. அவள் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டாள். ஒரு சொட்டு ரத்தம். காலடியில் மைனர் அவள் செருப்பை நக்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவும் இதுக்குள்ளயா? ஒரு சொட்டுலயா?"

"ஆமாம்மா. வெளிய ஒண்ணுமே தெரியாது. தினமும் எத்தன கொசு இதைக் கடிக்குதோ, அத்தனைக்கும் இது போகுது. நாயை வெரட்டி ஒரு புண்ணியமும் இல்ல. மத்த நாய்ங்களுக்கும் இருக்கும், கொசுவுலயும் இருக்கும். இதுக்கு மருந்து இருக்குது, நான் தர்றேன். கொசு எங்க உற்பத்தி ஆகுதுன்னு நீங்க கண்டுபிடிங்க. ஐயா, நீங்களும் பாக்கறீங்களா?"

செங்கோட்டையன் குனிந்து பார்த்தான். பார்த்ததும் யாரோ தள்ளிவிட்டது போல விலகி வெளியே போனான். கனகம் பின்னாலேயே போனாள். மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து, மாடுகளைக் கொண்டுவந்தவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்கூட இல்லாமல், அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இதப் பாரு."

இடது விலாவுக்குக் கீழே, தோலுக்கு அடியில், வேர்க்கடலை அளவில் ஒரு கட்டி.

கனகம் குனிந்து பார்த்தாள். "எப்பிருந்துங்க?"

"சித்திரையில இருந்து. மொதல்ல இங்க இருந்துச்சு. அப்புறம் இங்க. இப்ப இங்க வந்திருக்குது." அவன் விரல் வயிற்றோரத்தில் மூன்று இடங்களைத் தொட்டது. "எங்கப்பனுக்கும் இப்படி ஒரு கட்டியிலதான் ஆரம்பிச்சுது. ஏழு மாசத்துல தூக்கிப் போட்டோம். நானும் அப்படித்தான் போகப் போறேன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. நவநீத் படிப்பு முடியட்டும்னு இருந்தேன்."

"என்றகிட்ட ஏன் சொல்லல?"

"அப்பத்தான் நீ வந்து கண்ணுக்குள்ள ஊருதுன்னு சொன்ன. எனக்கு ஊருனதும் அப்படித்தான் கனகா. உன்னுது நெசம்னா என்னுதும் நெசமாயிருமேன்னு..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தோள்கள் குலுங்கின.

கனகம் நின்ற இடத்திலேயே நின்றாள். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் சொன்னது உண்மையாக இருக்கக்கூடும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் இவன்தான். அந்த ஆள்தான் அவளை மனநல மருத்துவர் முன்னால் உட்கார வைத்தான்.

"பத்து வாரமுங்க" என்றாள். "என்னையப் பைத்தியம்னு மாத்தர போட வெச்சீங்க. ஸ்கூலுக்குப் போன் பண்ணி வேலையவுட்டு நிறுத்துனீங்க. பால் ஊத்தப் போனா சனம் வாய மூடிக்குது. எல்லாம் தெரிஞ்சே."

அவன் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு அவனை அடிக்கவும் வேண்டியிருந்தது, அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டியிருந்தது. கடைசியில் குனிந்து பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"எந்திரிங்க. டாக்டரம்மாகிட்டக் காட்டலாம்."

டாக்டர் பாத்திமுத்து கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் மாட்டு டாக்டருங்க. ஆனா இதை இன்னைக்கே ஒரு சர்ஜன்கிட்டக் காட்டுங்க. நாய் விஷயத்தையும் மறக்காமச் சொல்லுங்க" என்றார்.

இரண்டாம் நாள் கோவையில் கட்டியை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் கனகம் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். இருவரும் ஒரே அறையில் விழித்தபடி படுத்திருந்தார்கள். அவனுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்ததும் கோபம் திரும்ப வந்துவிடும்.

முடிவு வந்தது. புற்று இல்லை. கட்டிக்குள்ளே செத்துச் சுருண்டு கிடந்தது ஒரு புழு. அதே இனம்.

செங்கோட்டையன் அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வைத்துவிட்டு எடுத்தான், மறுபடி வைத்தான். மருத்துவமனை வாசலிலேயே நின்று பள்ளித் தாளாளருக்குப் போன் போட்டு, அவளும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தான்.

"சார், கனகத்துக்கு மனசுல ஒரு கோளாறும் இல்லீங்க. கண்ணுல புழு இருந்துச்சு, எடுத்தாச்சு. நான்தானுங்க பொய் சொல்லிப்போட்டேன். எனக்குப் பயமுங்க. அதுக்கு அவளப் பலி குடுத்துட்டேன்."

தாளாளர், டாக்டர் சான்றிதழோடு வந்தால் அடுத்த வாரமே வேனை எடுக்கலாம் என்றார்.

காரில் ஏறியதும் அவன் கேட்டான். "இன்னும் கோவமா இருக்கறயா?"

"நீங்க பொழைச்சதுல எனக்குச் சந்தோசந்தானுங்க. அது வேற. பைத்தியம்னு சொன்னத நான் மறக்கல. மறந்தா நானே சொல்றேன். நீங்க கேக்காதீங்க."

அவன் காரைக் கிளப்பினான்.

சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து தோப்பை அலசினார்கள். தொட்டி, மட்டைக் குழி, மாட்டுக் கழுவு நீர் எல்லாம் பார்த்தார்கள். கடைசியாகக் கழிவறைத் தொட்டிப் பக்கம் வந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் செங்கோட்டையனே நின்று கட்டிய தொட்டி. காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் வலை இல்லை. மூடியின் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. கடப்பாரையை நுழைத்து மூடியைத் தூக்கினதும் உள்ளேயிருந்து கரும்புகை எழுந்தது போலிருந்தது. அத்தனையும் கொசு. தூக்கினவன் முகத்தை மூடிக்கொண்டு ஓடினான். படுக்கையறை ஜன்னலுக்கும் அந்தக் குழாய்க்கும் பத்தடி இருக்காது. மைனரைக் கட்டிப் போடும் மரம் அதற்கும் பக்கம். கனகமும் செங்கோட்டையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு வருடம் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுத்திருந்தார்கள்.

மூடியைப் பூசினார்கள், குழாய்க்கு வலை கட்டினார்கள். டாக்டர் பாத்திமுத்து வந்து சுற்று வட்டாரத்து நாய்கள் ஒன்பதின் ரத்தத்தைப் பார்த்தார். நான்கு நாய்களுக்கு அந்தப் புழு இருந்தது. எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

கனகம் மறுபடி வேன் ஓட்டத் தொடங்கிய வாரத்தின் சனிக்கிழமை, பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாத்தாள் வந்தாள். ஐம்பத்தைந்து வயது, தனியாக இருப்பவள். உட்காரச் சொன்னாலும் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கொண்டையை விலக்கிப் பிடரியைக் காட்டினாள். அங்கே எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி.

"இது எத்தன நாளாங்க அக்கா?"

"ரெண்டு வருசமாச்சு அம்மணி."

"ரெண்டு வருசமா! யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். இந்த ஆனி மாசம் உன்றகிட்டத்தான் சொல்லோணும்னு வந்தேன். அன்னைக்குத்தான் உன்னைய அந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. புருசன், புள்ள, தோப்பு எல்லாம் இருக்கற உன்னையவே அப்படிச் சொல்லிப்போட்டாங்களே, எனக்கு யாரு இருக்கறான்னு வாயத் தொறக்கல."

பால் ஊற்றும் இடத்தில் கருப்பாத்தாள் தன் கண்ணை உற்றுப் பார்த்தது எதற்கென்று கனகத்துக்கு இப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கருப்பாத்தாளைக் கோவைக்கு அழைத்துப் போனாள். அதே சர்ஜன்தான். அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஊசியால் குத்திப் பார்த்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டிங்க. புழுவும் இல்ல, வேற ஒண்ணும் இல்ல. தொந்தரவு இல்லைன்னா இப்படியே விட்டுரலாம்."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்ணுமே இல்லீங்கம்மா."

கருப்பாத்தாள் மூன்று முறை கேட்டாள், அவர் மூன்று முறையும் சொன்னார். வெளியே வந்து வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் அழத் தொடங்கினாள். சின்ன அழுகை இல்லை. வாயைத் திறந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போகும்படி அழுதாள். கனகம் தடுக்கவில்லை. அழுது முடியும் வரை அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இருவரும் எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டார்கள்.